அவர்களுக்கு விழா, நமக்கு முற்பணம்!

சித்திரைப் புத்தாண்டு நெருங்கிவிட்டால் பண்டாரவளையில் விடுதியறை கிடைப்பது குதிரைக்கொம்பு. கொழும்பிலிருந்து புறப்பட்ட வாகனங்கள் அப்புத்தளை வளைவுகளில் வரிசை கட்டி நிற்கின்றன. எல்ல நகரில் நள்ளிரவு கடந்தும் இசை ஓய்வதில்லை. 1921-இல் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தின்மேல் நின்று படம் பிடிப்பதற்கு உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் மக்கள் வருகின்றனர். தம்பதன்னைத் தோட்டத்தின் உச்சியிலே லிப்டன் துரை அமர்ந்து மலை பார்த்த இடத்தைக் காண விடியுமுன் முச்சக்கர வண்டிகள் ஏறுகின்றன. அவை ஏறும் பாதையின் இருமருங்கிலும் லயங்கள் உள்ளன. அவற்றைப் பார்ப்பதற்கு எவரும் வண்டியை நிறுத்துவதில்லை.

நாம் களியாட்டத்தின் பகைவரல்லர். உழைத்தவன் ஓய்வதும், குடும்பத்தோடு மலைக்காற்று வாங்குவதும், விழா நாளில் விளக்கேற்றி மகிழ்வதும் மனித உரிமைகள். நம் கேள்வி வேறு. ஊவா மலை ஊரார்க்கெல்லாம் உல்லாச மேடையாகிவிட்டதே, அந்த மேடையைத் தன் முதுகின்மேல் தாங்கி நிற்பவனுக்கு ஓர் இரவேனும் கடனின்றிக் கொண்டாடக் கிடைக்கிறதா?

பண்டாரவளைக்கு இக்கதை புதிதன்று. 1893-இல் தோட்டத் துரைமார் களைப்பாறும் மனையாக இங்கே ஒரு விடுதி எழுந்தது. அடுத்த ஆண்டே புகையிரதம் வந்தது. துரைமார் நடனமாடிய இரவுகளில் விறகு சுமந்தவனும் தண்ணீர் இறைத்தவனும் குதிரை பிடித்தவனும் யாவர் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அவர்களுடைய பேரர்கள் இன்று அதே மலையில் விடுதிகளின் பின்கட்டில் பாத்திரம் துலக்குகின்றனர். பல தோட்டங்களில் துரையின் பங்களா இன்று உல்லாச விடுதி. தொழிலாளியின் லயம் மட்டும் அன்றுபோலவே இன்றும் லயம். ஒரே தோட்டத்திலே ஒரே காலத்தில் கட்டிய இரு கட்டடங்களில் ஒன்றுக்கு மாத்திரம் மறுபிறவி கிடைத்ததன் காரணம் யாது?

நமக்கு நேரே தெரிந்த ஒரு சம்பவத்தை ஈண்டுக் கூறல் வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன் டிசம்பர் 31-ஆம் நாளிரவு, பெயர் குறிப்பிட நாம் விரும்பாத ஒரு விடுதி, வெளிநாட்டு விருந்தினருக்கு ‘உள்ளூர்க் கலை’ காட்டவென்று தோட்டமொன்றிலிருந்து ஐந்து தப்புக் கலைஞரை அழைத்தது. மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்கள். நள்ளிரவு வரை பின்வாயிலிலே பனியில் நிறுத்தினார்கள். பன்னிரண்டு மணிக்கு இருபது நிமிடம் அடித்தார்கள், விருந்தினர் எழுந்து ஆடினர், படம் எடுத்தனர். விடிந்தபின் பேசிய தொகையில் பாதியே கைக்கு வந்தது. “வெள்ளைக்காரர் கையில் வாங்கியது போதாதா?” என்பது விடுதிக்காரர் தந்த நியாயம். அன்று காலை பெரட்டுக்குப் போக முடியாமையால் ஐவருக்கும் பேரும் போயிற்று. அவர்கள் நம் காரியாலயத்துக்கு வந்தனர். நாம் கோரிக்கைக் கடிதம் அனுப்பினோம். பதினொரு நாளில் மிகுதிப் பணம் வந்தது. அதைக் கையில் வாங்கிய முதியவர் கூறியது இதுதான்: “காசு வந்திருச்சுங்க ஐயா. தப்பு காய்ச்ச நெருப்புக் கேட்டோம். குப்பை எரிக்கிற எடத்தைக் காட்டுனாங்க. அதுக்கு ஒரு கடிதாசி போட முடியுங்களா?”

அதற்குப் போட எந்தச் சட்டப் பிரிவும் நம்மிடம் இருக்கவில்லை.

அதே தப்பு மாசி மாதத்தில் ஒலிப்பதைக் கேட்டவர்க்கே அதன் மேன்மை தெரியும். மூன்றாம் பிறையில் காமன் ஊன்றியதிலிருந்து தகனம் முடியும் வரை எத்தனை இரவுகள்! ரதியும் மன்மதனும் லயத்து முற்றத்திலே ஆடி வர, தூதனும் எமனும் வீரபத்திரனும் ஒருவர்பின் ஒருவராகத் தோன்ற, பாட்டியும் பேரக்குழந்தையும் ஒரே கம்பளியைப் போர்த்துக்கொண்டு விடிய விடியப் பார்த்திருப்பர். நுழைவுச் சீட்டில்லை, முன்வரிசை பின்வரிசையில்லை. மன்மதன் வேடம் கட்டியவன் முகத்துச் சாயம் முற்றும் போகாமலே காலையில் மலைக்குப் போவதை நாம் பார்த்திருக்கிறோம். இரவில் அவன் தெய்வம். காலை ஏழு மணிக்கு அவன் ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். எல்ல நகரத்து இரவுகளைப் புகழ்ந்து எழுதுவோர் இந்த இரவுகளைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா?

இனித் தீபாவளிக்கு வருவோம். ஏனைய தொழில்களில் பண்டிகைக்கென்று போனஸ் உண்டு. தோட்டத் தொழிலாளிக்குக் கிடைப்பது தீபாவளி முற்பணம். முற்பணம் என்ற அழகிய சொல்லை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது கடன். ஐப்பசியில் புடவைக்கும் எண்ணெய்க்கும் மாவுக்கும் செலவாகும் பணம், அதன்பின் மாதந்தோறும் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது. கழித்து முடிப்பதற்குள் தைப்பொங்கல், சித்திரை, பள்ளிக்கூடச் செலவு, ஆடித் திருவிழா, பின்னர் மறுபடியும் தீபாவளி. ஒவ்வோராண்டும் தொழிற்சங்கத் தலைவர்கள், நம்மவர்களும் உட்பட, “முற்பணத்தைக் கூட்டித் தந்தோம்” என்று அறிக்கை விடுவதும், பத்திரிகைகள் அதைப் பெரிய எழுத்தில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. கடன் பெருகியதைச் சாதனையாகப் பேசும் தலைமையை உலகில் வேறெங்கே காணலாம்?

2014 அக்டோபர் 22 தீபாவளி. அதற்கு ஏழாம் நாள், 29-ஆம் திகதி காலை, இதே பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் எச்சரித்திருந்தனர். உல்லாச விடுதி கட்டும் நிலமென்றால் அந்த எச்சரிக்கை ஒன்பது ஆண்டு உறங்கியிருக்குமா? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் மிகக் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் பதுளை ஒன்று.

உல்லாசத்துக்கு வருவோரெல்லாம் செல்வர் என்றும் நாம் சொல்லவில்லை. 2024 ஏப்ரல் 21-இல் தியத்தலாவை பொக்ஸ் ஹில் மோட்டார்ப் பந்தயத்தில் தடம் விலகிய காரொன்று கூட்டத்துள் புகுந்து எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேரைக் கொன்றது. அங்கே திரண்டிருந்தவர் காசின்றிக் காணக் கிடைத்த வேடிக்கையென்று பிள்ளைகளைத் தோளில் சுமந்து வந்த சாதாரண மக்கள். 2025 செப்டம்பர் 4 இரவு, எல்ல - வெல்லவாய வீதியில் தங்காலை நகர சபை ஊழியரின் சுற்றுலாப் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர். அவர்களும் ஒரு நாள் மகிழ்வுக்காக வந்த ஊழியரே. சிங்களத் தொழிலாளியின் குழந்தைக்கும் பாதுகாப்பளிக்காத உல்லாச வியாபாரம், தமிழ்த் தொழிலாளியின் லயத்துக்கு மட்டும் எங்கிருந்து இரக்கம் கொண்டு வரும்? ஆகவே இது இனத்துக்கும் இனத்துக்குமான வழக்கன்று. வரவை அள்ளுவோருக்கும் செலவைச் சுமப்போருக்குமான வழக்கு.

விவசாயிகளையும் மறந்துவிடலாகாது. விடுதிச் சமையலறைக்கு வேண்டிய கரட்டும் லீக்சும் கோவாவும் உருளைக்கிழங்கும் வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மண்ணில் விளைபவை. உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் தோண்டியபோது இப்பகுதிக் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017-இல் பண்டாரவளை வீதிகளில் மக்கள் திரண்டு முழங்கினர். தோட்டத்தான், நாட்டான் என்ற பேதமின்றித் தாகம் எல்லாரையும் ஒன்றாக நிறுத்தியது. அந்த ஒற்றுமை நிலைத்திருந்தால் இக்கட்டுரையை எழுதும் வேலை நமக்கு மிஞ்சியிருக்கும்.

“சுற்றுலா வேலை தருகிறதே, அதைக் குறை கூறலாமா?” என்று கேட்கும் கனவான்கள் நம்மிடையே உளர். வேலை தருகிறது, மறுக்கவில்லை. எத்தகைய வேலை? நியமனக் கடிதம் உண்டா? சேமலாப நிதி செலுத்துகிறார்களா? வாடிக்கையாளரிடம் அறவிடும் நூற்றுக்குப் பத்துச் சேவைக் கட்டணத்தில் பின்கட்டுப் பையனுக்குப் பங்கு எவ்வளவு? இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் விடை தரும் விடுதிக்காரரை நாம் பகிரங்கமாகப் பாராட்டக் காத்திருக்கிறோம். இன்னொரு கூட்டத்தார், “தோட்டத்தான் கையில் காசு கொடுத்தால் சாராயக் கடைக்குத்தான் போகும்” என்பர். குடி நம் குடும்பங்களை அரிக்கிறது என்பது உண்மை. அதை எதிர்த்து நாம் ஊரூராகப் பேசுகிறோம். ஆயினும் எல்ல நகரில் போத்தலுக்குப் பல்லாயிரம் கொடுத்துக் குடிப்பது நாகரிகம், லயத்து வாசலில் குடிப்பது ஒழுக்கக்கேடு என்று இருவேறு தராசு பிடிப்பவர் வாயால் அப்புத்திமதி வரவேண்டாம்.

சம்பளத்தின் கதையும் இதுவே. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்றாயிற்று. 2026-க்கான வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபாவும், அரசு தரும் வரவு ஊக்கத்தொகை 200 ரூபாவும் சேர்த்து 1,750 என்று அறிவித்தனர். உயர்வை வரவேற்கிறோம். எனினும் சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில் ஒன்று கூறுவோம்: ஊக்கத்தொகை சம்பளமன்று. ஒரு வரவு செலவுத் திட்டம் கொடுத்ததை மற்றொன்று எடுத்துவிடலாம். மழையில் மலை ஏற முடியாத நாளிலும், காய்ச்சலில் படுத்த நாளிலும் அது கைக்கு வருமா?

இனி, கோபத்தோடு நின்றுவிடாமல் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

1947-இல் பண்டாரவளைத் தொகுதி இலங்கை இந்திய காங்கிரசின் கே. வி. நடராஜாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டே 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது; வாக்கும் போயிற்று. அதன்பின் தோட்டத்தின் வாயிற்கதவு வரையே நாடு. அதற்கப்பால் கம்பனியின் இராச்சியம். 1987-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. அதன் 33-ஆம் பிரிவைக் காட்டித் தோட்டத்துள் ஒரு மின்விளக்குப் போடவும் சபைகள் மறுத்து வந்தன. 2018-இல்தான் அது திருத்தப்பட்டது. இன்று பிரதேச சபை தன் நிதியைத் தோட்டத்துப் பாதைக்கும் குடிநீருக்கும் செலவிடச் சட்டத்தில் தடையில்லை.

அதே பிரதேச சபைச் சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. சுற்றுலாச் சபையில் பதிந்த விடுதிகளிடமிருந்து, சென்ற ஆண்டு அவை பெற்ற வரவில் நூற்றுக்கு ஒன்று வரை உத்தரவுப்பத்திரக் கட்டணம் அறவிடப் பிரதேச சபைக்கு அதிகாரமுண்டு. இவ்விரண்டையும் சேர்த்து வாசியுங்கள். ஒரு பிரிவு விடுதியின் வரவிலிருந்து பணம் எடுக்கச் சொல்கிறது. மற்றொன்று அப்பணத்தைத் தோட்டத்துள் செலவிட இடந்தருகிறது. இடையிலே குறைந்திருப்பது கேட்கும் வாய் ஒன்றுதான். 2023 மார்ச்சில் கலைந்த சபைகள் 2025 மே 6 தேர்தலின் பின் மீண்டும் கூடியுள்ளன. எல்ல, அப்புத்தளை, ஹல்துமுல்லை, பண்டாரவளைச் சபைகளிலே நம் மக்களின் வாக்கால் சென்ற உறுப்பினர் எத்தனை பேர் இக்கணக்கைக் கேட்டனர்?

2025 அக்டோபரில் பண்டாரவளை மைதானத்தில் இந்திய வீட்டுத் திட்டத்தின் 2,000 பயனாளிகளுக்குப் பத்திரம் வழங்கும் விழா நடந்தது. பத்திரம் பெற்ற குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அதைச் சட்டமிட்டுச் சுவரில் தொங்கவிடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அட்டவணையும் எல்லைகளும் பதிவிலக்கமும் அதில் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் காரியாலயத்தில் இதற்குக் கட்டணம் இல்லை.

ஆசிரியர், வைத்தியர், எழுதுவினைஞர், நம் சகோதரச் சட்டத்தரணிகள் ஆகிய படித்த பெருமக்களுக்கும் ஒரு சொல். நீங்களும் லயத்திலே பிறந்தவர்கள்; அல்லது உங்கள் தாய் பிறந்தவர். இன்று விடுமுறைக்கு அறை எடுத்துத் தங்குகிறீர்கள். தங்குங்கள், உழைத்த காசு. கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்திப் படம் எடுக்கும் உங்கள் பிள்ளைக்கு, அவள் கூடையின் பாரம் எத்தனை கிலோ என்று சொல்லிக் கொடுத்தீர்களா? விடுதிக் கணக்குச் சீட்டு மேசைக்கு வரும்போது சேவைக் கட்டணம் எவர் கைக்குப் போகிறது என்று ஒரு முறையேனும் கேட்டீர்களா?

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், மேற்கூறிய நான்கு பிரதேச சபைகளுக்கும் நாம் விண்ணப்பம் தயாரித்துள்ளோம். கேள்விகள் இரண்டே. சென்ற ஆண்டு விடுதிகளிடமிருந்து வரவின் அடிப்படையில் அறவிட்ட தொகை எவ்வளவு? அதில் தோட்டப் பிரிவுகளில் செலவிட்டது எவ்வளவு? விண்ணப்பம் கிடைத்த பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் அதிகாரி தம் முடிவை அறிவித்தாக வேண்டும். சபைக்கு ஐம்பது பேர் வீதம் கையொப்பம் வேண்டுகிறோம். ஞாயிறு காலை பத்து மணி முதல் காரியாலயம் திறந்திருக்கும். கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் மாலையில் வரலாம். இருட்டும் வரை இருப்போம்.