தராசைப் பார்க்கிறோம், ஃபோர்க்லிஃப்டைப் பார்க்கிறோமா?



காலையில் கடை திறந்ததும் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பாராமல் நாம் முதல் வியாபாரத்தைத் தொடங்குவதில்லை. அரசு முத்திரைதான் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடுவதும் இல்லை. ஆனால் இரண்டு டன் சரக்கைத் தலைக்கு மேல் தூக்கும் ஃபோர்க்லிஃப்டை மட்டும் சாவியைத் திருப்பியதும் வேலைக்கு அனுப்பிவிடுகிறோம்.

பிறருக்குச் சொல்லுமுன் எங்கள் தவற்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் கிட்டங்கியில் தினசரிப் பரிசோதனை நோட்டு ஒன்று உண்டு. பிரேக், ஹாரன், டயர், சங்கிலி, ஆயில் என்று கட்டம் போட்டிருந்தோம். ஒரு நாள் சர்க்கரை லோடு இறக்கும்போது ஆயில் ஹோஸ் வெடித்து, தூக்கியிருந்த சுமை நிற்காமல் கீழே இறங்கியது. மேல்வரிசை மூட்டைகள் சரிந்தன. பக்கத்தில் நின்ற லோடுமேன் காலில் அடியோடு தப்பினார். அன்று மாலை நோட்டைப் புரட்டினோம். மாதம் முடியப் பத்து நாள் இருக்க, முப்பது நாளுக்கும் ‘சரி’ என்று போட்டிருந்தது!

டிரைவரைக் கடிந்துகொண்டோம். “ஆயில் கசிகிறது என்று போன வாரமே சொன்னேன், முதலாளி. லாரி காத்திருக்கிறது, முதலில் லோடை இறக்கு என்றீர்களே” என்றார். எங்களிடம் பதில் இல்லை. பொய்யாக ‘சரி’ போட அவருக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் அவசரமே.

பரிசோதனைக்குப் பத்து நிமிடம் போதும். வண்டியை இயக்குமுன் தரையில் ஆயில் சிந்தியிருக்கிறதா, டயர் வெட்டுப்பட்டிருக்கிறதா, இரு சங்கிலிகளும் ஒரே இறுக்கமாக உள்ளனவா, ஃபோர்க்கின் வளைவில் விரிசல் உண்டா என்று பார்க்க வேண்டும். ஃபோர்க்கின் கனம் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால் அதை மாற்றியே ஆகவேண்டும். இயக்கியபின் பிரேக், ஹேண்ட் பிரேக், ஸ்டியரிங், ஹாரன் பார்த்து, வெறும் ஃபோர்க்கை ஒருமுறை ஏற்றி இறக்க வேண்டும். சுமை அளவுப் பலகை படிக்கும்படி இருக்க வேண்டும். இரண்டு டன் என்றால் 50 கிலோ மூட்டை நாற்பது. அதுவும் பலகையில் குறித்த தூரத்திற்குள் சுமை இருந்தால்தான். சுமை முன்னால் தள்ளிப்போனால் தூக்கும் திறன் குறையும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பாரம் தூக்கும் இயந்திரங்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று விதித்தது. அது முத்திரை போன்றது. தினசரிப் பார்வை, தராசின் பூஜ்யத்தைப் பார்ப்பது போன்றது. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

ஆகவே நமது வேண்டுகோள் மூன்று. பழுது கண்டால் சாவியை எடுத்துவிடும் உரிமை டிரைவருக்கு வேண்டும். அதற்காக அவர் கூலியில் கைவைக்கக் கூடாது. வாரம் ஒருநாள் முதலாளியே வண்டியருகே நின்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வாடகை வண்டிக்கும் இதே முறை வேண்டும்.

ஃபோர்க்லிஃப்ட் நமக்கு ஏது என்று மளிகைக்கடை அன்பர்கள் எண்ண வேண்டாம். சரக்கெடுக்க வந்து அதன் பக்கத்தில் நிற்பவர்கள் தாங்களே. தூக்கிய சுமைக்குக் கீழே நிற்காதீர்கள்; நிற்பவரை விலக்குங்கள்.

லாரி அரை மணி காத்திருந்தால் காத்திருப்புக் கூலியோடு போகும். தராசு தவறினால் கிராம் கணக்கில் நட்டம். இந்த வண்டி தவறினால் ஒரு குடும்பத்திற்கு நாம் என்ன பதில் சொல்வது?