தெரு ஓரம் யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் ஒரு காரியமாக நாம் சேலத்தில் ஒரு சர்க்கார் அலுவலகத்துக்குப் போயிருந்தபோது கண்டதை முதலில் வாசகர்களுக்குச் சொல்லிவிட்டு, பிறகு விஷயத்துக்கு வருகின்றோம்.

இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் விளங்காமற் போன ஒரு தோழர், சர்க்கார் இனாமாகக் கொடுத்த, பின்னால் இரண்டு பக்கமும் இணைப்புச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தார். அலுவலக வாசலில் அவரைப் போன்றவர்களுக்கென்றே சாய்தளம் கட்டி, கைப்பிடிக் கம்பியும் போட்டிருக்கின்றார்கள். ஆனால் அந்தச் சாய்தளத்தின் அடியில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள்களும், அதிகாரி ஒருவருடைய காரும் நின்றுகொண்டிருந்தன. தோழர் இரண்டு தடவை சுற்றி வந்தார். காவலாளி, "அந்தாண்ட தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துங்க" என்றார். அவர் இருநூறு கஜ தூரத்துக்கப்பால் வண்டியை நிறுத்திவிட்டு, இரண்டு ஊன்றுகோல்களை ஊன்றிக்கொண்டு, தார் கொதிக்கும் வெய்யிலில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே வந்து சேர்ந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரிய மனிதர், "பாவம், போன ஜன்மத்து வினை" என்று சொல்லி உச்சுக் கொட்டினார். அந்தப் பெரிய மனிதருடைய மோட்டார் சைக்கிளும் சாய்தளத்தின் அடியில்தான் நின்றுகொண்டிருந்தது.

தோழர்களே! அந்த வினை போன ஜன்மத்தில் செய்யப்பட்டதா? அன்று காலை பத்து மணிக்குச் செய்யப்பட்டது. செய்தவர்கள் யார் என்பதும் வண்டி நெம்பர்களோடு கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. இளம்பிள்ளை வாதம் தலைவிதி என்றார்கள். சொட்டு மருந்து கொடுத்த பிறகு அந்தத் தலைவிதி எங்கே போயிற்று? 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் காட்டுக் கிருமியால் ஒரு குழந்தைக்கும் அந்த நோய் காணவில்லை. 2014 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனமே இதற்கு அத்தாட்சி கொடுத்தது. நோயை மனிதன் ஒழித்தான். நோய் கண்டவர்களுக்கு வழியை அடைப்பதையும் மனிதன்தான் செய்கின்றான். ஆகவே வழியைத் திறப்பதும் மனிதனால் ஆகிற காரியமே.

இனி, தெரு ஓரத்தில் எந்த வண்டி நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று தீர்மானிப்பவர்கள் யார் என்று பார்ப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 117-வது பிரிவுப்படி, சர்க்காரோ, சர்க்கார் அதிகாரம் கொடுத்த அதிகாரியோ, அந்த ஊர் ஸ்தல ஸ்தாபனத்தைக் கலந்துகொண்டு, வண்டிகள் எங்கே நிற்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று நிர்ணயிக்கலாம். 116-வது பிரிவுப்படி அதற்குப் போர்டு நடலாம். தடுத்த இடத்தில் நிற்கும் வண்டியை 127-வது பிரிவுப்படி இழுத்துப் போகலாம். 2019-ல் திருத்திய 177-வது பிரிவுப்படி முதல் தடவை 500 ரூபாய் வரையிலும், மறுபடியும் செய்தால் 1500 ரூபாய் வரையிலும் அபராதம் போடலாம். இன்னும், நடைபாதை மேலும், தெருச் சந்திப்பிலும், பஸ் நிற்குமிடத்தருகிலும், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வாசல்களிலும் வண்டி நிறுத்தக் கூடாதென்பதற்குப் போர்டு கூட வேண்டியதில்லை. 1989-ம் வருஷத்துச் சாலை விதிகளிலேயே அது இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2017-ம் வருஷத்து விதிகளிலும் இருக்கின்றது. ஆகவே சட்டம் இல்லையே என்று யாரும் அழ வேண்டியதில்லை.

நடப்பில் காரியம் எப்படி நடக்கின்றது? நெரிசல் அதிகமாய்விட்டதென்று போக்குவரத்துப் போலீசார் எழுதுகின்றார்கள். கலெக்டர் தலைமையிலுள்ள சாலைப் பாதுகாப்புக் குழுவில் போலீசார், போக்குவரத்து இலாகாவார், நெடுஞ்சாலை இலாகாவார், மாநகராட்சியார் உட்கார்ந்து பேசுகின்றார்கள். வியாபாரிகள் கடையடைப்பு என்று சொல்லிவிட்டால் அவர்களையும் கூப்பிட்டு நாற்காலி போடுகின்றார்கள். பிறகு ஒரு நாள் காலையில் போர்டு முளைக்கின்றது. அல்லது இருந்த போர்டு காணாமற் போகின்றது. கட்டணம் வசூலிக்கும் இடமானால் அது ஏலத்துக்கு வந்து ஒரு குத்தகைதாரர் கைக்குப் போகின்றது. இவ்வளவிலும், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடைபாதை இல்லாமல் நடுத்தெருவில் நடக்கும் பெண் கூப்பிடப்படுகின்றாளா? ஊன்றுகோலோடு வந்த அந்தத் தோழர் கூப்பிடப்படுகின்றாரா? சட்டத்தில் "ஸ்தல ஸ்தாபனத்தைக் கலந்துகொண்டு" என்றுதான் இருக்கின்றதே ஒழிய, "ஜனங்களைக் கலந்துகொண்டு" என்று இல்லை. கோளாறு இங்கேதான் ஆரம்பமாகின்றது.

இது முடியாத காரியமா என்றால், முடியும் என்பதற்கு இன்னொரு சட்டமே சாட்சி. 2014-ம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டப்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் தெரு வியாபாரிகளே தேர்ந்தெடுக்கப்பட்டு உட்கார வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் கூட அதில் தக்க ஸ்தானம் சொல்லியிருக்கின்றது. கூடை வைத்துக் கீரை விற்கும் இடத்துக்குக் குழு உண்டு. கார் நிற்கும் இடத்துக்கு அப்படி ஒரு குழு இல்லை. ஏன்? கார்க்காரன் இடம் கேட்க வேண்டியதில்லை, அவனுக்கு இடம் பிறப்புரிமை என்று நினைத்துவிட்டோம்!

கணக்குப் பார்ப்போம். ஒரு கார் நிற்க எட்டடி அகலம், பதினாறடி நீளம், அதாவது சுமார் 130 சதுர அடி வேண்டும். சேலத்தில் முதல் அக்ரகாரத்திலோ, சின்னக் கடை வீதியிலோ, செவ்வாய்ப்பேட்டையிலோ 130 சதுர அடியில் ஒரு கடை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் என்ன சொல்லுகின்றார்கள் என்று தெரியும். அந்த அளவு பொதுஜன நிலத்தில் ஒரு கனவான் தன் காரைக் காலை முதல் மாலை வரை சும்மா நிறுத்திவிட்டுப் போகின்றார். அதே இடத்தில் நாலு முழம் சாக்கு விரித்து வெங்காயம் விற்கும் அம்மாளை "ஆக்கிரமிப்பு" என்று சொல்லித் தூக்குகின்றார்கள். கடைக்காரர்களோ, வண்டி நிறுத்தத்தைத் தடுத்தால் வியாபாரம் போய்விடும் என்கின்றார்கள். அவர்கள் கடை வாசலில் விடியற்காலம் முதல் இரவு வரை நிற்கும் வண்டிகளில் முதலாளிக்கும் குமாஸ்தாக்களுக்கும் சொந்தமானவை எத்தனை என்று அவர்களே எண்ணிப் பார்த்தால், வியாபாரத்தைக் கெடுப்பது போர்டா, தங்கள் வண்டிகளா என்று விளங்கிவிடும். திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளும், நாமக்கல், சங்ககிரிப் பக்கங்களில் லாரிகளும் சாலை ஓரத்தில் நிற்பதைப் பற்றியும் இதே கேள்விதான். தொழில் வேண்டும், அதற்கு இடமும் வேண்டும். அந்த இடம் நடப்பவனுடைய வழியாக இருக்க வேண்டுமா?

உடல் ஊனமுற்றவர்களின் விஷயத்துக்கு வருவோம். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி தமிழ்நாட்டில் இவர்கள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். சர்க்கார் இவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் என்று மரியாதையான பெயர் கொடுத்தது; வரவேற்கின்றோம். ஆனால் மரியாதை பெயரோடு நின்றுவிட்டது. 2016-ம் வருஷத்து உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு பஸ் நிலையம், ரயில் நிலையங்களில் இவர்களுக்கு ஏற்ற வண்டி நிறுத்துமிடம் வேண்டுமென்கின்றது. 45-வது பிரிவு, விதிகள் வெளியான ஐந்து வருஷத்துக்குள் எல்லாப் பொதுக் கட்டடங்களையும் இவர்கள் புழங்கும்படியாகச் செய்ய வேண்டுமென்கின்றது. விதிகள் 2017 ஜூனில் வெளிவந்தன. கெடு 2022 ஜூனோடு தீர்ந்துபோயிற்று. இந்த ஏற்பாடுகளை விதி வெறும் சிபாரிசாக வைத்திருந்தது செல்லாது, கட்டாயமான விதி செய்யுங்கள் என்று சுப்ரீம் கோர்ட்டார் 2024 நவம்பரில் தீர்ப்புச் சொன்னார்கள்.

சர்க்கார் வழிகாட்டுதலில் அளவுகூட இருக்கின்றது. கார் நிறுத்தும் கட்டம் 3.6 மீட்டர் அகலம், அதாவது சுமார் பன்னிரண்டடி. கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்கு, அதாவது நூறடிக்கு, மேற்படாத தூரம். கதவை முழுவதும் திறந்து சக்கர நாற்காலியைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு அகலம். நல்லது. ஆனால் சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் கால் ஊனமுற்றவர்களில் எத்தனை பேர் காரில் வருகின்றார்கள்? இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில்தான் வருகின்றார்கள். அதை மற்ற வண்டிகளோடு சாய்த்து நெருக்கி நிறுத்த முடியாது. பக்கத்தில் ஒரு வண்டியை ஒட்டி நிறுத்திவிட்டால் திரும்பி வந்து அதில் ஏறி உட்கார முடியாது. இறங்கிப் பின்னால் இழுக்கவும் முடியாது. சாக்கடைப் பலகை மேலோ, மேடு பள்ளத்திலோ வைத்தால் ஊன்றுகோல் வழுக்கும். ஆகவே இந்த ஊர்களில் முதலில் வேண்டியது, இரு சக்கர வண்டிகளின் வரிசையில் வாசலுக்கு மிகவும் பக்கத்தில், சமதரையில், இரண்டு பக்கமும் ஆள் இறங்க இடம் விட்டுக் கோடு போட்ட ஸ்தலம். இதற்குக் கோடிக்கணக்கில் திட்டம் வேண்டுமா? ஒரு டப்பா பெயிண்டும், அதைக் காலியாக வைத்திருக்கும் யோக்கியப் பொறுப்பும் போதும். சேலம் 2016-ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்து, பழைய பஸ் நிலையத்தை ஈரடுக்காகக் கட்டி 2023-ல் திறந்த நகரம். அதற்கு ஆன செலவில் இந்தப் பெயிண்டின் விலை கண்ணுக்கே தெரியாது.

"அவர்கள் எத்தனை பேர் வருகின்றார்கள்? இடம் வீணாகக் கிடக்குமே" என்பது ஒரு ஆட்சேபணை. வழியை அடைத்துவிட்டு, வருவாரில்லை என்பது பழைய தந்திரம். வைக்கத்தில் 1924-ல் கோயிலைச் சுற்றிய தெருக்களுக்காகப் போராட வேண்டியிருந்தபோதும், அதே வருஷத்தில் சென்னைச் சட்டசபையில் பொதுத் தெருக்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட வேண்டுமென்று இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்தபோதும், "அவர்களுக்கு இந்தத் தெருவில் என்ன வேலை?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். வேலை இருக்கின்றதா இல்லையா என்று போகிறவர் தீர்மானிப்பார்; தெருவை அடைத்தவர் தீர்மானிக்கக் கூடாது.

"இடமே இல்லை" என்பது இன்னொரு ஆட்சேபணை. மந்திரி வருகின்ற தினத்தில் இடம் எங்கிருந்து வருகின்றது? தேர் இழுக்கின்ற தினத்தில் எங்கிருந்து வருகின்றது? கயிறு கட்டிக் காலையில் காலி செய்கின்றார்களே! கல்லுக்கும் கட்டைக்கும் ஒழித்துக் கொடுக்கக் கூடிய தெருவை உயிருள்ள மனிதனுக்கு ஒழித்துக் கொடுக்க முடியாதா?

வெளி தேசங்களில் இதற்கு வழி கண்டிருக்கின்றார்கள். இங்கிலாந்தில் 1970-ம் வருஷத்துச் சட்டத்தின்படி உண்டான வில்லை, வண்டிக்குச் சொந்தமல்ல, மனிதருக்குச் சொந்தம். அவர் யார் காரில் போனாலும் அந்த உரிமை கூடப் போகும். அமெரிக்காவில் 1990-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ், வண்டி நிறுத்துமிடங்களில் முதல் நூறு வரை இருபத்தைந்துக்கு ஒன்று இவர்களுக்கு. ஜப்பானில் 1962 முதல், கார் வாங்குகின்றவர் அதை நிறுத்தச் சொந்தத்திலோ வாடகையிலோ இடம் இருக்கின்றதென்று அத்தாட்சி காட்ட வேண்டும். அங்கே தெரு ஓரம் யாருடைய கொட்டகையும் அல்ல.

ஆகவே நாம் கேட்பது இதுதான். எந்தத் தெருவிலும் வண்டி நிறுத்தம் பற்றிப் போர்டு நடுவதற்கு முன்பு அது தமிழில் அறிவிக்கப்பட்டு, அந்த வார்டில் ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கப்பட வேண்டும். கேட்கும் குழுவில் உடல் ஊனமுற்றவர்களும், பெண்களும், தெரு வியாபாரிகளும் இருக்க வேண்டும். ஒரு தெருவில் பத்து வண்டிக்கு இடம் ஒதுக்கினாலும், ஊன்றுகோல்காரருக்கான இடத்தை முதலில் கோடு போட்டுவிட்டு மற்றதைப் பங்கிட வேண்டும். குத்தகை ஷரத்தில் அந்த இடத்துக்குக் கட்டணம் இல்லை என்றும், அதை வேறொருவருக்கு விட்டால் குத்தகை ரத்து என்றும் எழுத வேண்டும். அபராதச் சீட்டு அதிகாரியின் காருக்கும் ஒட்டப்பட வேண்டும்.

வாசகர்கள் இதைப் படித்து மடித்து வைத்துவிடாமல் இரண்டு காரியம் செய்ய வேண்டுகின்றோம். நகரங்களில் 2022 முதல் வார்டு குழுவும் பகுதி சபையும் இருக்கின்றன. அடுத்த பகுதி சபையில் எழுந்து நின்று, "நம் வார்டில் ஆஸ்பத்திரி வாசலிலும், ரேஷன் கடை வாசலிலும் ஊனமுற்றவர் வண்டிக்கு இடம் எங்கே?" என்று கேட்டு, அதைத் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். இரண்டாவது, பத்து ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டப்படி, உங்கள் தெருவிலுள்ள போர்டு எந்தத் தேதி உத்தரவில் நடப்பட்டது, யார் யாரைக் கலந்துகொண்டார்கள் என்று கேளுங்கள். வேலைக்காகக் கிராமத்திலிருந்து டவுனுக்கு வரும் தோழர்களும் கேட்கலாம். டவுன் தெரு உங்களுக்கும் பொதுதான்.

அதற்கும் முன்னால், நாளைக் காலையில் வண்டியை நிறுத்தும்போது சாய்தளத்தின் அடியில் நிறுத்தாமல் பத்தடி தள்ளி நிறுத்துங்கள். அதற்கு எந்த உத்தரவும் வர வேண்டியதில்லை.