பார்க்காமலே ஷோ நடத்தியவர்

கல்யாண வீட்டில் ஒருத்தரைக் கவனித்திருப்பீர்கள். மாப்பிள்ளை இல்லை, பெண்ணின் அப்பாவும் இல்லை. தோளில் துண்டு, இடுப்பில் ஸ்டோர் ரூம் சாவி. ரசத்துக்கு முன்னால் மோர் வந்துவிடாமல் பந்தியைப் பார்த்துக்கொள்வார். ஆல்பத்தில் இருக்க மாட்டார். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அவரை யாருக்கும் தெரியாது. அப்பளம் தீர்ந்துபோனால் மட்டும் மொத்த மண்டபத்துக்கும் அவர் பெயர் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தின் குதிரை ஷோக்களுக்கு அப்படி வாய்த்தவர் கர்னல் மைக் ஆன்ஸெல். ஒரே ஒரு வித்தியாசம், அவருக்குக் கண் தெரியாது.

குதிரை ஷோ என்றால் ரேஸ் இல்லை, பர்ஸ் பத்திரம். ஒலிம்பிக்கில் இதற்கு மூன்று வகை. டிரெஸாஜ் என்பது கிட்டத்தட்ட குதிரை பிடிக்கிற அடவு. ரசிக்க ஞானம் வேண்டும். இரண்டாவது, எல்லாம் கலந்த ஈவென்டிங். மூன்றாவது ஜம்பிங். கட்டை விழுந்ததா, விழவில்லையா? பாட்டிக்குக்கூடப் புரியும். ஆன்ஸெல் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

பரம்பரையே குதிரைப்படை. அப்பாவும் கர்னல், 1914-ல் பிரான்ஸில் நேரி என்ற ஊரில் நடந்த சண்டையில் செத்துப்போனார். அப்போது பையனுக்கு ஒன்பது வயசு. அவரும் பட்டாளத்தில் சேர்ந்து போலோ, ஜம்பிங் என்று பிரமாதமாகக் குதிரை ஏறினார். 1940 ஜூனில் பிரான்ஸின் ஸான் வலேரியில் அவர் இருந்த படை ஜெர்மானியரிடம் மாட்டிக்கொண்டது. தப்பிக்க நினைத்து ஒரு களஞ்சியத்தின் பரணில் ஒளிந்துகொண்டார். கீழே வந்த இன்னொரு பிரிட்டிஷ் கோஷ்டி, மேலே இருப்பது எதிரி என்று நினைத்துச் சுட்டுத் தள்ளியது. சொந்தக்காரன் குண்டு. பார்வை போயிற்று, கை விரல்களும் போயின. வயசு 35. அப்புறம் ஜெர்மன் கைதி. 1943-ல்தான் ஊர் திரும்ப முடிந்தது.

இனிமேல் குதிரையே வேண்டாம் என்று நாமாக இருந்தால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கியிருப்போம். இவர் ஜம்பிங் சங்கத்தின் தலைவராகிவிட்டார்.

யுத்தத்துக்கு முந்தைய ஜம்பிங் போட்டி இருக்கிறதே, மகா போர். தடைகளின் தலையில் மெல்லிசாக ஒரு மரச்சட்டம் வைத்திருப்பார்கள். குளம்பு உரசி அது விழுந்தால் அரை மார்க் போச்சு. நேரக் கணக்கு கிடையாது. தாண்ட மனசு வராவிட்டால் தடைக்கு முன்னால் வட்டமடித்துக்கொண்டே இருக்கலாம், சர்க்கார் ஆபீஸில் கையெழுத்துக்கு அலைகிற மாதிரி. டிக்கெட் வாங்கியவன் கொட்டாவி விடுவான். ஆன்ஸெல் சட்டத்தை எடுத்தார். நேரத்தைக் கட்டினார். தடைகளை விதம்விதமாகப் போட வைத்தார். மொத்த நிகழ்ச்சியையும் பட்டாளத்து நிமிஷக் கணக்கில் ஓட்டினார். பார்வையாளர் சீட்டில் உட்கார்ந்து யோசித்தவர், பார்க்க முடியாத இந்த மனுஷர்தான்!

1949-ல் லண்டன் ஹாரிங்கே அரங்கில் 'ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ' தொடங்கியது. குத்துச்சண்டை நடக்கிற இடத்தில், கூரைக்குக் கீழே குதிரை. யோசனை டோனி காலிங்ஸ் என்ற கேப்டனுடையது. யோசனை சொல்ல எல்லா ஆபீஸிலும் ஆள் உண்டு; மறுநாள் காலையில் வந்து சாமான் இறக்குகிறவர்தான் கிடைக்க மாட்டார். காலிங்ஸுக்கு ஆன்ஸெல் கிடைத்தார். 1952 ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் பிரிட்டன் வாங்கிய ஒரே தங்கம் ஜம்பிங்கில்தான், ஃபாக்ஸ்ஹன்ட்டர் என்ற குதிரை இருந்த டீமுக்கு. 1959-ல் ஷோ வெம்ப்ளிக்குப் போனது. பி.பி.சி. காட்டியது. குதிரை வாலைக்கூடத் தொட்டிராத குமாஸ்தாக்கள் ராத்திரி தூங்காமல் பார்த்தார்கள்.

கண் போனதால்தான் அவர் சாதித்தார் என்று எழுதுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. கண் இருந்திருந்தால் ஆன்ஸெல் குதிரைமேல் இருந்திருப்பார், கீழே நின்று அடுத்தவன் ஏறுவதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்க மாட்டார். தனக்கு இனி இல்லை என்று ஆனதை ஊருக்கெல்லாம் பந்தி வைக்க எவ்வளவு பெரிய வயிறு வேண்டும்! அதுவும் ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, கால் நூற்றாண்டுக்கு மேல்.

1968-ல் 'சர்' பட்டம் கொடுத்தார்கள். டெவன் பக்கம் வீட்டில் பூ வளர்த்தார், மீன் பிடித்தார். 1994 பிப்ரவரியில் 88 வயசில் காலமானார். ஷோ 2002 முதல் பர்மிங்காமில் நடக்கிறது.

ஷோவின் கடைசி ராத்திரிக்கு ஒரு வழக்கம் இருந்தது. வாரம் முழுக்க வந்த குதிரைகள் எல்லாம் மொத்தமாக அரங்கத்துக்குள் வரும். அவற்றுக்காக ரொனால்ட் டங்கன் என்ற கவிஞர் எழுதியதை வாசிப்பார்கள். 1954-ல் அவரிடம் கேட்டு எழுதி வாங்கியது ஆன்ஸெல். குதிரைகளைக் கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். இவர் குளம்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.