கல்விக் கடன் தவணை: ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் காசு எதற்கு?

படிப்பு முடிந்து ஒரு வருஷம் ஆனதும் வங்கியிலிருந்து மெசேஜ் வரும்: தவணை தொடங்குகிறது. பாலக்கோடு, அரூர், பென்னாகரம் பக்கமிருந்து கிளம்பி ஓசூரிலோ பெங்களூருவிலோ முதல் வேலையைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு, சம்பளத்துக்கு முன்பே இது வந்துவிடுவதும் உண்டு. கூடவே வேறு சில அழைப்புகளும் வரும். 'வட்டி மானியம் வாங்கித் தர்றோம்', 'தவணையைத் தள்ளி வைக்கிறோம்', 'பாதிப் பணத்துல கடனை முடிச்சுடலாம்'. கட்டணம் மட்டும் முன்கூட்டியே.

இது நியாயமா? படிவம் நிரப்பித் தருபவருக்குக் கூலி கொடுப்பதில் தப்பே இல்லை. முடிவையே வாங்கித் தருவதாகச் சொல்பவருக்குக் கொடுப்பதுதான் தப்பு. அந்த முடிவு அவர் கையில் இல்லை.

வட்டி மானியம்: 1.4 லட்சம் யாருக்குச் சேர வேண்டும்?

மத்திய அரசின் கல்விக் கடன் வட்டி மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்வரை இருந்தால், தகுதியுள்ள தொழிற்கல்வி, தொழில்நுட்பப் படிப்புகளுக்கு, படிக்கும் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டும் சேர்த்து வட்டியை அரசே ஏற்கும்.

ஒரு கணக்கு போடலாம். பொறியியல் படிப்புக்கு வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் கடன். வட்டி 10%, தனிவட்டி. முதல் வருஷப் பணத்துக்கு 5 வருஷ வட்டி 50,000. அடுத்தடுத்து 40,000, 30,000, 20,000. மொத்தம் 1.4 லட்சம் ரூபாய். இதில் 10% கமிஷன் என்றாலே 14,000 ரூபாய் போய்விடும். ஆனால் இதற்கு முக்கியமாகத் தேவைப்படும் வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய்தான்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இன்னொரு வாய்ப்பு. பட்டியலில் உள்ள தரமான கல்லூரிகளில் படிப்பவரின் குடும்ப வருமானம் 8 லட்சம்வரை இருந்தால், 10 லட்சம்வரையிலான கடனுக்கு 3% வட்டிச் சலுகை. கடனுக்கும் சலுகைக்கும் போர்டலில் மாணவரே விண்ணப்பிக்கலாம்.

வேலை கிடைக்கலையா? அதற்கும் வழி இருக்கு

பலருக்குத் தெரியாத விஷயம் இது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, வேலை இல்லாத காலத்தையோ குறைந்த சம்பளத்தில் தவிக்கும் காலத்தையோ கணக்கில் கொண்டு, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணைக்கு இடைவெளி தர வங்கிக்கு இடமுண்டு. திருப்பிச் செலுத்தும் காலமும் 15 ஆண்டுவரை போகலாம். இதைக் கேட்கத் தேவை கிளை மேலாளருக்கு ஒரு கடிதம், கூடவே வேலை நிலையைக் காட்டும் ஆதாரம். ஏஜென்ட் எழுதினாலும் அதே மேசைக்குத்தான் போகும். இடைவெளியிலும் வட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

'செட்டில்மென்ட்' வலை

'பாதியில முடிச்சுடலாம்' என்பதில்தான் ஆபத்து அதிகம். 'தவணையை நிறுத்துங்க, வங்கிக்காரங்க கூப்பிட்டா எடுக்காதீங்க' என்று ஒருவர் சொன்னால் அங்கேயே உஷாராக வேண்டும். தவணை நின்றால் கடன் வாராக்கடனாகும். தள்ளுபடியில் முடித்த கடன், கிரெடிட் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று பதிவாகும். பிறகு வீட்டுக் கடன் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும். வசூல் ஆட்களின் தொல்லைக்குப் பயந்து இந்த வலையில் விழுபவர்களும் உண்டு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது.

அப்புறம் ஏன் ஏஜென்ட்டிடம் போகிறார்கள்?

ஏமாளிகள் என்பதால் அல்ல. குடும்பத்தில் முதல் பட்டதாரி. கடனில் கூட்டாகக் கையெழுத்துப் போட்ட அப்பா கூலி வேலைக்குப் போகிறவர். கிளைக்கு மூன்று முறை அலைந்தால் மூன்று நாள் சம்பளம் போச்சு. கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. 'அப்புறம் வாங்க' என்ற பதில் வாய்மொழியாக வருகிறது. ஏஜென்ட் விற்பது செல்வாக்கை அல்ல. வங்கி கொடுக்காத நேரத்தையும் பொறுமையையும்தான்.

அதனால் மாணவர்களுக்கு அறிவுரை சொன்னால் மட்டும் போதாது. விண்ணப்பம் வாங்கினால் தேதியிட்ட ரசீது, மறுத்தால் தமிழில் எழுத்துபூர்வக் காரணம்: இரண்டையும் ஒவ்வொரு கிளையும் கட்டாயம் தர வேண்டும். கல்விக் கடன் வழங்க மாவட்ட நிர்வாகங்கள் முகாம் நடத்துகின்றன. தர்மபுரியில் கலெக்டர் அலுவலகமும் முன்னோடி வங்கியான இந்தியன் வங்கியும், கடன் கட்டத் தடுமாறுபவர்களுக்கும் அப்படி ஒரு நாள் ஒதுக்கினால் என்ன? அமெரிக்காவில் கடன் நிவாரணத்தைப் போனில் விற்கும் நிறுவனங்கள், பலன் கிடைக்கும் முன்பே கட்டணம் வாங்க 2010 முதல் தடை இருக்கிறது. இங்கேயும் அப்படி ஒரு விதி வேண்டும்.

அதுவரை கவனிக்க வேண்டியவை:

• தட்டச்சு, ஸ்கேன், பதிவேற்றம்: இவற்றுக்குக் கூலி கொடுக்கலாம், ரசீது வாங்கிக்கொண்டு.

• கடனில் சதவீதம் கேட்பவர், ஓடிபி அல்லது பாஸ்வேர்டு கேட்பவர், வங்கியோடு பேசாதே என்பவர்: மூவரையும் தவிர்க்கலாம்.

• மானியம் வரவாகியிருக்கிறதா என்று கடன் கணக்கு ஸ்டேட்மென்ட்டில் பார்க்க வேண்டும்.

• வங்கியில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது.