எலுமிச்சம்பழம் கடைசியில்தான்!

34 ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். மதியச் சாப்பாடு முடிந்து குழாயடிப் பக்கம் போனால், கேரட், பீன்ஸ், கறிவேப்பிலை எல்லாம் ஒதுக்கப்பட்டுக் கிடக்கும். திட்டிப் பார்த்தேன். கதை சொல்லியும் பார்த்தேன். பயனில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒன்று புரிந்தது. தன் கையால் நறுக்கிய காயைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. ஆகவே, காய்கறி சூப் வைக்க நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன். பையன்களுக்கும் சேர்த்துத்தான்!

“பாக்கெட்டைப் பிரித்து வெந்நீரில் கொட்டினால் சூப்தானே தாத்தா?” என்றான் என் பேரன். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். சோள மாவு, சர்க்கரை, உப்பு எல்லாம் வந்த பிறகுதான் காய்கறியின் பெயர் வந்தது. எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது விதி. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று மாலையே இருவரும் அடுப்படியில் இறங்கினோம். நான்கு பேருக்கு ஒரு கேரட், ஆறு பீன்ஸ், ஒரு துண்டு கோஸ், ஐந்து சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு. பொடியாக நறுக்கி, நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி வேக வைக்க வேண்டும். (கத்தியும் அடுப்பும் இருக்கும் இடம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.)

அங்கேதான் நான் தப்பு செய்தேன். பாதி வேகும்போதே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துவிட்டேன். பீன்ஸின் பச்சை நிறம் போய்க் காக்கி நிறமாகிவிட்டது. காயும் வேகுவேனா என்றது. “வாத்தியார் ஃபெயில்!” என்றான் பேரன்.

காரணம் இதுதான். புளிப்பு பட்டுக் கொதித்தால் இலைப்பச்சையம் நிறம் மாறும். காய் மெத்தென்று ஆக நேரம் பிடிக்கும். அதைவிடப் பெரிய நஷ்டம், பழத்தில் உள்ள வைட்டமின் ‘சி’ சூட்டில் அழிந்துகொண்டே போவது.

இந்தத் தப்பைப் பெரிய மருத்துவர் ஒருவரும் செய்திருக்கிறார். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயால் ஈறு வீங்கிக் கிடந்த 12 மாலுமிகளை இரண்டு இரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் சீக்கிரம் தேறினார்கள். அப்புறம் அவரே, பழச்சாறு கெடாமலிருக்க அதைச் சூடாக்கிச் சுண்ட வைத்துக் கப்பலில் கொண்டுபோகலாம் என்று யோசனை சொன்னார். சத்தில் பெரும்பகுதி போய்விட்டது! வைட்டமின் என்ற சொல்லே இல்லாத காலம் அது, பாவம்.

மறுநாள் ஒழுங்காகச் செய்தோம். கொத்தமல்லித் தண்டைக் காயோடு வேக விட்டோம். அதை ஏன்தான் குப்பையில் போடுகிறார்களோ, மணமே அதில்தான்! உப்பு, மிளகுத்தூள், சீரகத்தூள் போட்டு இறக்கி, குடிக்கிற சூட்டுக்கு வந்த பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, கொத்தமல்லித் தழையும் நாலு புதினா இலையும் கிள்ளிப் போட்டோம். வடிகட்டச் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையில் இருக்கிறதே.

இப்போது எங்கள் வீட்டில் சனிக்கிழமை சூப் பேரன் பொறுப்பு. எலுமிச்சம்பழத்தை மட்டும் என் கையில் தர மாட்டேன் என்கிறான்.