சாதிக்கொலைக்கு ஊபா கேட்கலாமா?

கண்ணகியை ஒளித்து வைத்திருந்தது எங்கள் பக்கத்தில்தான். ரிஷிவந்தியத்துக்கு வடக்கே, தென்பெண்ணைக் கரையில், சர்க்கரை ஆலையால் பெயர் தெரிந்த மூங்கில்துறைப்பட்டில். 2003 மே 5 அன்று கடலூர் பதிவு அலுவலகத்தில் முருகேசனை மணந்துகொண்ட அந்தப் பெண், அங்கே ஒரு வீட்டில் தங்கவைக்கப்பட்டிருந்தார். முருகேசன் தலித், கெமிக்கல் எஞ்சினியர். கண்ணகி வன்னியர். ஜூலையில் முருகேசனைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். மூங்கில்துறைப்பட்டுக்கு ஆள் போனது. கண்ணகியைப் புதுக்கூரைப்பேட்டைக்கு இழுத்து வந்தார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருக்க இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள்.

"ஊர் பார்த்துக்கொண்டிருக்க" என்பதைக் கவனியுங்கள் தோழர்களே. இரவோடு இரவாக யாருக்கும் தெரியாமல் முடித்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, ஏனென்றால் அந்தக் கொலை அந்த இருவருக்காக மட்டும் செய்யப்பட்டது அல்ல. சேரியில் இருக்கும் ஒவ்வொரு இளைஞனுக்கும், ஊர்த்தெருவில் இருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அனுப்பப்பட்ட ஓலை அது.

2025 ஜூலை 27 அன்று நெல்லையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்ட பிறகு, நம் பக்கத்து இளைஞர்களிடம் ஒரு முழக்கம் பரவியிருக்கிறது: "சாதிக்கொலை பயங்கரவாதம், ஊபாவில் போடு." அக்டோபரில் முதல்வர் ஸ்டாலின், ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஆணையம் அறிவித்த பிறகு, அந்த முழக்கம் கோரிக்கை மனுவாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. கோபம் நியாயமானது. முதல் பாதியில் எனக்குச் சண்டையே இல்லை. இரண்டாம் பாதி நம் கழுத்துக்கு நாமே திரித்துக் கொடுக்கும் கயிறு.

முதல் பாதியைப் பேசிவிடுவோம். ஊபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, நாட்டின் ஒற்றுமைக்கு ஆபத்து விளைவிப்பதை மட்டும் பயங்கரவாதம் என்று சொல்லவில்லை. மக்களையோ, மக்களில் ஏதாவது ஒரு பிரிவினரையோ பீதியில் ஆழ்த்தும் நோக்கத்தோடு ஆயுதத்தால் உயிரைப் பறித்தாலும் அது பயங்கரவாதச் செயல்தான். மக்களில் ஒரு பிரிவினர்! 2015இல் யுவராஜ் கும்பல் கோகுல்ராஜைத் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலிலிருந்து கடத்திப் போனது. மிரட்டித் தற்கொலைக் கடிதம் எழுதவைத்தது, வீடியோவில் பேசவைத்தது, தலையைத் துண்டித்துத் தண்டவாளத்தில் போட்டது. தலைமறைவாக இருந்த நாட்களில் யுவராஜ் வாட்ஸ்அப்பில் உரையாற்றிக்கொண்டிருந்தார். பகை தீர்த்துக்கொண்டவன் செய்கிற வேலையா இது? ஓர் அமைப்பு, ஒரு கொள்கை, ஒரு பிரச்சாரம், அதற்கு ஒரு பிணம். (எங்கள் ரிஷிவந்தியம் கோயிலிலும் அதே அர்த்தநாரீஸ்வரர்தான். ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருந்தால் அது சாமி, தேன் அபிஷேகம். ஆணும் பெண்ணும் சாதி கேட்காமல் பிராகாரத்தில் உட்கார்ந்து பேசினால் தண்டவாளம்.)

2012 நவம்பர் 7 அன்று தருமபுரியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி எரிந்தன. ஒரு கல்யாணத்துக்குத் தண்டனையாக 250க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 ஆகஸ்ட் 15 இரவு நம் மாவட்டத்துச் சேஷசமுத்திரத்தில் தலித்துகளின் தேரையும் வீடுகளையும் எரித்தார்கள். இதையெல்லாம் "மோதல்", "பதற்றம்" என்று எழுதிய பத்திரிகைகள்தான் வேறொரு பெயர் கொண்டவன் கையில் பட்டாசு மருந்து இருந்தால் "சதி வலை" என்று முதல் பக்கத்தில் போடுகின்றன.

பாரபட்சம் எவ்வளவு வெளிப்படையானது என்பதற்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை. 2019 பிப்ரவரி 5 அன்று திருபுவனத்தில் பாமக பிரமுகர் ராமலிங்கம் கொல்லப்பட்டார். வழக்கு என்.ஐ.ஏ.வுக்குப் போனது, ஊபா பாய்ந்தது. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுடப்பட்டார். அங்கும் என்.ஐ.ஏ., அங்கும் ஊபா. இரண்டும் கொடிய கொலைகள், இரண்டிலும் குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் பேருந்தை மறித்து, ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தது எதற்காக? ரிசர்வ் தொகுதியில் ஒரு தலித் தலைவர் ஆகக்கூடாது என்பதற்காக. அரசியல் சட்டம் கொடுத்த பதவியை அரிவாளால் பறித்த அந்தச் செயல் இந்த அரசுகளின் கண்ணுக்கு வெறும் கொலை. வெறும் கொலை என்பதால்தான் ஆயுள் தண்டனை பெற்ற 17 பேரில் 3 பேரை 2008இல் அண்ணா பிறந்தநாள் பெயரிலும், 13 பேரை 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு பெயரிலும் விட்டார்கள். நம் தலைவர்களின் பிறந்தநாளுக்கு யாருக்குப் பரிசு கிடைக்கிறது பாருங்கள்.

ஆக, இது பயங்கரவாதம்தான். அப்புறம் ஏன் ஊபா வேண்டாம் என்கிறேன்?

ஊபா யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தச் சட்டப்படி வழக்கு நடத்த அரசு அனுமதி கொடுக்க வேண்டும். அமைப்பைத் தடை செய்வது ஒன்றிய அரசு. வழக்கை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடியது என்.ஐ.ஏ. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 113ஆம் பிரிவிலும் பயங்கரவாதம் வந்துவிட்டது. இதில் பதிவதா, ஊபாவில் பதிவதா என்று முடிவு செய்வது எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி. சாதிக் கட்சிகளோடு கூட்டணிக்கு வரிசையில் நிற்கும் அரசுகள், சாதிச் சங்க மாநாட்டுக்குப் பந்தோபஸ்து கொடுத்துவிட்டுச் சாயங்காலம் சால்வை வாங்கும் அதிகாரிகள், இவர்களிடம் அந்தச் சாவியைக் கொடுத்து "இதைக் கொண்டு சாதிவெறியனைப் பூட்டுங்கள்" என்கிறோம். பூட்டுவார்கள். நம்மை.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2018 ஜனவரி 1 அன்று பீமா கோரேகானில் அடிபட்டவர்கள் தலித்துகள். ஊபாவில் உள்ளே போனவர்கள் யார்? அம்பேத்கர் குடும்பத்து மருமகன் ஆனந்த் தெல்தும்ப்டே. அவர் சரணடைந்த நாள் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள். வெளியே வந்தது 2022 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள். பழங்குடிகளுக்காக வாழ்ந்த, திருச்சி மண்ணில் பிறந்த 84 வயது ஸ்டேன் சுவாமி வெளியே வரவேயில்லை. 2021 ஜூலை 5 அன்று காவலிலேயே இறந்தார். அந்தச் சட்டத்தின் 43டி(5) பிரிவு, போலீஸ் எழுதிய தாளை நம்பியே ஜாமீனை மறுக்கச் சொல்கிறது. 2018இல் திருமுருகன் காந்தி மீதும் இதே ஊபாதான் வந்தது.

கல்வராயன் மலைக்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். மலைக்கு அந்தப் பக்கம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்து 18 பெண்களைச் சீரழித்தன. குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆனது, உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது. அந்த அரசு ஊழியர்கள்மேல் எந்தப் பயங்கரவாதச் சட்டமும் பாயவில்லை. அதே காலத்தில் வீரப்பனைத் தேடுகிறோம் என்று தடாவில் பிடித்து மைசூர் சிறையில் ஆண்டுக்கணக்கில் அடைத்தது யாரை? மலையோரத்து ஏழைகளை. கடைசியில் பெரும்பாலானவர்கள் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். போன வருடங்களை யார் தந்தார்கள்?

"சரி தோழர், ஆபத்துதான். ஆனாலும் தண்டனையாவது உறுதியாகுமே" என்று கேட்கலாம். உறுதியாகாது. பகுத்தறிவாளர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்கைக்காகச் செய்யப்பட்ட கொலை என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம். சி.பி.ஐ. ஊபாவையும் சேர்த்தது. 2024 மே 10 அன்று தீர்ப்பு வந்தது. சுட்ட இருவருக்கு ஆயுள், அதுவும் கொலைக் குற்றத்துக்கு. மூன்று பேர் விடுதலை. ஊபா குற்றச்சாட்டு, அரசு கொடுத்த அனுமதி முறையாக இல்லை என்பதால் நிற்கவில்லை. பெரிய சட்டம் என்று நாம் நினைத்தது ஓர் அனுமதிக் கடிதத்தில் கவிழ்ந்தது.

கோகுல்ராஜ் வழக்கு எதனால் நின்றது? கோயிலின் சி.சி.டி.வி. பதிவால். சாட்சி பிறழ்ந்த பிறகும் அந்தப் பதிவு பிறழவில்லை. நாமக்கல்லில் நியாயம் கிடைக்காது என்று வழக்கை மதுரைக்கு மாற்றியதால். தாய் சித்ரா விடாமல் போராடி, ப.பா.மோகன் அரசுத் தரப்பு வழக்கறிஞராக வந்ததால். 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள். மேல்முறையீட்டில் நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷும் ஆனந்த் வெங்கடேஷும் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள், 2023 ஜூனில் தண்டனையை உறுதி செய்தார்கள். எல்லாம் சாதாரணச் சட்டங்கள்தான். கொலைப் பிரிவும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும்.

இந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாமே குறைத்து மதிப்பிடுகிறோம் என்பது என் வருத்தம். 1989இல் வந்த அந்தச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது. தலித் என்று தெரிந்தே கொன்றவனுக்கு ஆயுள். கடமையைச் செய்யாத அதிகாரிக்கு 4ஆம் பிரிவில் சிறை. 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பையும் வழக்கின் ஒவ்வொரு கட்டத்திலும் பேசும் உரிமையையும் தருகிறது. இரண்டு மாதத்தில் விசாரணையை முடிக்கப் பார் என்கிறது. கையில் இருக்கும் அரிவாளைத் தீட்டாமல் எதிரியின் துப்பாக்கியைக் கடன் கேட்பானேன்?

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓட்டை உண்டு. அந்த ஓட்டைக்குப் பெயர் கண்ணகி. முருகேசனைக் கொன்றது வன்கொடுமை. கண்ணகியைக் கொன்றது சட்டத்தின் பார்வையில் ஒரு குடும்பத்துக்குள் நடந்த கொலை. தலித்தை விரும்பியதற்காகச் சொந்தச் சாதியே கொல்லும் பெண்ணுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. இரண்டு பிற்படுத்தப்பட்ட சாதிகளுக்கு இடையே நடக்கும் ஆணவக் கொலைக்கும் இல்லை. நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவில் முதல்முறையாகச் சாதியின் பெயரால் செய்யும் கொலை தனியாக எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்கள் கணக்கில் புலிகள். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொன்றால்தான் அது பொருந்தும். ஒருவன் அரிவாளோடு போய், பின்னால் இருக்கும் ஊரே அவனைத் தூண்டியிருந்தால்? பொருந்தாது. பொருந்தினாலும் தண்டனை வழக்கமான கொலைக்கு உள்ளதேதான்.

அதனால்தான் தனிச்சட்டம் தேவை. அதில் என்ன கேட்பது என்பதற்குப் புதுக்கூரைப்பேட்டை வழக்கே பாடப்புத்தகம். அங்கே முதலில் வழக்கைப் பதியவே போலீசுக்கு மனமில்லை. பிறகு இரு சாதியாரும் சேர்ந்து கொன்றதாகக் கதை கட்டி, பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த முருகேசனின் அப்பாவையே குற்றவாளிப் பட்டியலில் சேர்த்தார்கள். சி.பி.ஐ. வந்துதான் அது மாறியது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும் 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. அந்த 12 பேரில் இரண்டு போலீஸ் அதிகாரிகள். உயர்நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. கிட்டத்தட்ட 22 வருடம். தூக்கு போனதற்காக நான் அழவில்லை. மரண தண்டனை வேண்டாம் என்று சொல்லும் இயக்கம் நாம், அதைச் சாதிவெறியனுக்காக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அந்த 22 வருடத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான் என் கேள்வி.

2020இல் கள்ளக்குறிச்சியின் அன்றைய எம்.எல்.ஏ. பிரபு, ஒரு தலித், பார்ப்பனப் பெண்ணை மணந்தார். பெண்ணின் தந்தை ஆட்கொணர்வு மனு போட்டார். உயர்நீதிமன்றம் சில நாட்களிலேயே பெண்ணை அழைத்துக் கேட்டது, அவர் விருப்பப்படி கணவரோடு போனார். இதுதான் சட்டம் வேலை செய்கிற வேகம், எம்.எல்.ஏ.வாக இருந்தால். மூங்கில்துறைப்பட்டில் இருந்த கண்ணகிக்கு அந்த வேகம் கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. சக்தி வாகினி வழக்கில் 2018இலேயே உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் என்று உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் மாவட்டத்து உதவி எண் உங்களுக்குத் தெரியுமா?

ஆணையத்துக்கு எழுதும் தோழர்கள் ஊபா என்ற சொல்லை அடித்துவிட்டு இவற்றை எழுதுங்கள். கொல்லப்படுவது எந்தச் சாதியாக இருந்தாலும், காரணம் சாதி என்றால் சட்டம் பொருந்த வேண்டும். 2012இல் சட்ட ஆணையம் தன் 242ஆம் அறிக்கையில் சொன்னதைப் போல, திருமணத்தைத் தடுக்கக் கூட்டம் கூட்டுவதே குற்றமாக வேண்டும். பிணம் விழும்வரை காத்திருக்கக் கூடாது. கட்டப்பஞ்சாயத்து பேசியவன், பணம் கொடுத்தவன், கொலையாளிக்கு ஃப்ளெக்ஸ் அடித்தவன் எல்லோரும் வழக்கில் வர வேண்டும். அடைக்கலம் தேடி ஸ்டேஷனுக்கு வந்த ஜோடியைப் பெற்றோரிடம் ஒப்படைக்கும் இன்ஸ்பெக்டர், இடமாறுதலோடு தப்பாமல் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டும். கவின் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் பெற்றோர் இருவரும் சப்-இன்ஸ்பெக்டர்கள் என்பதை நினைவில் வைத்து இந்த வரியை அழுத்தி எழுதுங்கள். அரசுத் தரப்பு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை, வழக்கை வேறு மாவட்டத்துக்கு மாற்றிக் கேட்கும் உரிமை, இவை சித்ராவைப் போலப் போராடிப் பெற வேண்டிய சலுகையாக இல்லாமல் முதல் நாளிலிருந்தே குடும்பத்துக்குச் சொந்தமாக வேண்டும். எந்தத் தலைவர் பிறந்தநாளுக்கும் சாதிக்கொலையாளிக்கு முன்விடுதலை கிடையாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.

மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். ஒரு நகலைத் தொகுதி எம்.எல்.ஏ.விடம் கொடுத்துக் கையெழுத்து கேளுங்கள். போடுகிறாரா என்று பார்ப்போம்.