மேஸ்திரி போனான், முகவன் வந்தான்: காதல் வேடமிட்ட கொள்ளை

இணையவழிக் காதல் மோசடியில் பணத்தைப் பறிகொடுத்த ஒருவரைப் பற்றிய செய்தி வெளியாகும்போதெல்லாம், எமது சமூகத்தில் முதலில் எழுவது இரக்கக் குரலன்று, ஏளனக் குரலே. "இந்த வயதில் இது தேவையா?" என்பார் ஒருவர். "பேராசை பெருநட்டம்" என்பார் மற்றொருவர். ஏமாற்றியவன் யார், அவனுக்கு மேலே அமர்ந்திருப்பவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால், விடை எம்மைத் தாய்லாந்தின் மே சொட் நகருக்கு எதிர்க்கரையில் உள்ள மியாவடிக்கு, மியான்மரின் எல்லைக்கு, அழைத்துச் சென்றிருக்கும். அங்கே கணினியின் முன் அமர்த்தப்பட்டவர்களுள் தமிழ் இளைஞர்களும் இருந்தனர்!

2022 செப்டம்பரில் தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இந்தியப் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார். சுமார் 50 தமிழர் உட்பட ஏறத்தாழ 300 இந்தியர் மியான்மரில் சிக்கியிருப்பதாக அக்கடிதம் கூறியது. தாய்லாந்தில் தகவல் தொழில்நுட்ப வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள். எல்லை தாண்டியதும் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. மறுத்தவர்களுக்கு அடி கிடைத்தது. அவ்வாண்டு அக்டோபர் தொடக்கத்தில் 13 பேர் சென்னைக்கு மீட்டு வரப்பட்டனர். இத்துடன் முடிந்ததா? இல்லை. 2025 மார்ச்சில் இந்திய விமானப்படை இரண்டே நாட்களில் 549 பேரை மே சொட்டிலிருந்து தாயகம் கொண்டுவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் கே.கே. பார்க் என்னும் வளாகத்தில் மியான்மர் இராணுவம் நுழைந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆற்றைக் கடந்து தப்பியோடினர். நவம்பரில் மீண்டும் விமானங்கள் செல்ல வேண்டியிருந்தது. மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இத்தகைய தொழிலில் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் மதிப்பிட்டது.

இரங்கூனின் வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிய கதையன்று. ஆங்கிலேயர் காலத்தில் தெலுங்குக் கரையிலிருந்தும் தமிழ் மாவட்டங்களிலிருந்தும் அரிசி ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆட்களைக் கப்பலேற்றியவன் மேஸ்திரி. முன்பணம் கொடுப்பான், அக்கடனைக் காட்டியே ஆளைக் கட்டிவைப்பான், கூலியிலும் தன் பங்கை எடுத்துக்கொள்வான். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் பலரின் முதுகில் மேஸ்திரியின் கடன் இருந்தது. இன்றைய முகவனும் அதையே செய்கிறான். முன்பணம் இருந்த இடத்தில் இன்று மீட்புத்தொகை இருக்கிறது: வீடு திரும்ப வேண்டுமானால் பல ஆயிரம் டாலர் கட்டு என்கிறார்கள். பழைய கூலிக்காரன் மூட்டைதான் தூக்கினான். இவனோ இன்னொரு மனிதரின் தனிமையைச் சுரண்டும்படி ஏவப்படுகிறான்.

அவ்வேலை நடக்கும் முறையை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும். "மன்னிக்கவும், தவறான எண்ணுக்கு அனுப்பிவிட்டேன்" என்று ஒரு குறுஞ்செய்தி வரும். இனிய படம் ஒன்று இருக்கும். ஓரிரு நாளில் உரையாடல் வாட்ஸ்அப்பிற்கோ டெலிகிராமிற்கோ மாறும். காலை வணக்கம், உண்டீர்களா, உறங்கினீர்களா என்று வாரக்கணக்கில் விசாரிப்பு தொடரும். எழுதுபவர் ஒருவரல்லர், எழுதிவைக்கப்பட்ட வசனங்களை முறைவைத்து அனுப்பும் ஒரு குழு. காணொளி அழைப்பு வந்தால் நம்பலாமா? அதற்கென்றே கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் உண்டு. முகத்தை மாற்றிக்காட்டும் மென்பொருளும் உண்டு. இவர்கள் நேரடியாகக் கடன் கேட்பது அரிது. தாம் மெய்நிகர் நாணயத்தில் ஈட்டிய இலாபத்தைக் காட்டி, "நீங்களும் சிறிதளவு போட்டுப் பாருங்கள்" என்பார்கள். முதன்முறை இலாபம் உண்மையாகவே கைக்கு வரும். அதுதான் தூண்டில்! பெருந்தொகை போட்டபின் எடுக்க முயன்றால், முதலில் வரி கட்டு, பிணைத்தொகை கட்டு என்று புதிய கோரிக்கைகள் முளைக்கும். திரையில் தெரியும் இலாபக்கணக்கு முழுவதும் பொய். இதற்குச் சீன மொழியில் 'பன்றி அறுப்பு' என்று பெயர். கொழுக்க வைத்தபின் அறுப்பார்களாம். இலண்டன் மருத்துவர் அனுப்பிய பரிசுப்பொதி சுங்கத்தில் நிற்கிறது, கட்டணம் செலுத்துங்கள் என்னும் பழைய வகையும் ஒழிந்துவிடவில்லை. எல்லாம் இழந்தபின், பணத்தை மீட்டுத்தருகிறேன் என்று ஒரு 'வழக்கறிஞர்' வருவார். அவரும் பெரும்பாலும் அதே கூட்டத்தின் ஆளே.

நேரில் ஒருமுறையும் சந்திக்காத ஒருவர் பணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், அது கடனாயினும் முதலீடாயினும் மருத்துவச் செலவாயினும், அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டில் இருப்பவரிடம் அன்றே சொல்லுங்கள். யாரிடமும் சொல்லாதே என்று அவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது: எமது ஏளனத்தை அவர்கள் முன்னரே கணக்கில் எடுத்துவிட்டார்கள். துணையை இழந்து, பிள்ளைகள் வேறு நகரில் வாழ, பனிநாட்டில் தனித்திருக்கும் ஒரு தாய் வாய்திறக்க அஞ்சுவது யாருக்கு அஞ்சி? மோசடிக்காரனுக்கா, எமது கோயில் மண்டபத்துப் பேச்சுக்கா?

அரசுகளின் நிலை என்ன? இந்தியத் தூதரகம் இருப்பது யாங்கோனில். மியாவடியிலோ ஆயுதக்குழுக்களின் அதிகாரம். அங்குள்ள கரேன் குழுவொன்றின் தலைவர் சோ சிட் து மீது அமெரிக்கா 2025 மே மாதத்தில்தான் தடை விதித்தது. யாங்கோன் தூதரகம் 2022 ஜூலையிலேயே எச்சரிக்கை வெளியிட்டது உண்மை. ஆயினும் எச்சரிக்கை அறிக்கை யாரைச் சென்றடையும்? வேலை தேடும் இளைஞன் பார்ப்பது தூதரக அறிக்கையையன்று, முகவனின் முகநூல் விளம்பரத்தையே. மீட்கப்பட்டவர்களில் விரும்பியே சென்றவரும் இருக்கலாம். அதை நீதிமன்றம் ஆராயட்டும். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று விலைபேசி விற்ற முகவன் ஊரில் நடமாட, விற்கப்பட்டவன் மட்டும் விசாரணைக்கு நிற்பது எந்த நியாயம்?

புலம்பெயர் தமிழ்ச் சங்கங்களிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஆண்டுவிழாவில் கலைநிகழ்ச்சிக்கு ஒதுக்கும் நேரத்தில் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். தமிழறிந்த ஒருவரை, பெயர் வெளியிடாமல் முறையீட்டைக் கேட்டு வங்கிக்கும் காவல்துறைக்கும் துணைசெல்ல, நியமியுங்கள். பணம் போன முதற்சில மணிநேரமே முக்கியமானது. உடனே வங்கியை அழைத்துப் பரிமாற்றத்தை நிறுத்தக் கோர வேண்டும். இந்தியாவில் 1930, மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 ஆகிய எண்கள் இதற்கென்றே உள்ளன. பிரித்தானியாவில் 159ஐ அழைத்தால் வங்கியுடன் இணைப்பார்கள். உரையாடல்களை வெட்கத்தால் அழித்துவிட வேண்டாம். பணம் சென்ற கணக்கு எண்ணும் முகவரியும் அவற்றில்தான் இருக்கின்றன.